சித்தப்பா தோட்டமும் ‘கம்யூனிட்டி டெவலப்மெண்ட்’டும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா என் கையில ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். புத்தகம்னு சொன்னது தப்பு. வழவழ தாள்ல அடிச்ச விளம்பர மலர். உள்ள ஒரு முழு ஊரே இருந்தது. நடுவுல குளம், குளத்தைச் சுத்தி நடைபாதை, ஒரு பக்கம் தனி வீடுகள், இன்னொரு பக்கம் அடுக்கு மாடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பிள்ளையார் கோயில், யோகா மண்டபம். ஊர்க்காரங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சைக்கிள் ஓட்டுறாங்க. ஒருத்தர் வேர்வை கூட துடைக்கலை. திண்டுக்கல் வெயில்ல இது சாத்தியமான்னு கேக்கக்கூடாது :-)

"நம்ம தோட்டம்தாண்டா இது" என்றார் சித்தப்பா.

எந்தக் கம்பெனின்னு இங்கே சொல்லப் போறதில்லை. இன்னைக்கு நாலு வழிச்சாலை ஓரமா இருக்கிற எந்த ஊர்லயும் இப்படி ஒரு மலர் யார் வீட்டுத் திண்ணையிலயாவது கிடக்கும். சித்தப்பாவுக்கு சிறுமலை தெரியிற தூரத்துல நாலு ஏக்கர். கிணத்துத் தண்ணி பாய்ஞ்ச காலத்துல தோட்டம், இப்ப மழையை நம்புற காடு. எங்க பக்கத்துல இந்த வித்தியாசம் முக்கியம். குளத்துத் தண்ணி பாய்ஞ்சா வயல், கிணத்துத் தண்ணி பாய்ஞ்சா தோட்டம், வானத்துத் தண்ணின்னா காடு. தரகர் பாஷையில மூணுக்கும் ஒரே பேர்தான்: "சும்மா கிடக்கிற நிலம்".

"நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ எழுதுறியே, இதைப் படிச்சுப் பாத்து ஒரு யோசனை சொல்லு"ன்னுட்டார். யோசனை சொல்ற அளவுக்கு எனக்கு விவரம் பத்தாது. ஆனா அட்டையில பெரிசா போட்டிருந்த ‘கம்யூனிட்டி டெவலப்மெண்ட்’ங்கிற ரெண்டு வார்த்தை மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. எங்கேயோ கேட்ட வார்த்தை. விளைநிலத்துல புதுசா ஒரு ஊரையே எழுப்புறோம்னு யாராவது சொல்றது எங்க மாவட்டத்துக்கு இது முதல் தடவை இல்லையே! அதனால பழைய கதையைக் கொஞ்சம் கிளறினேன். கிளறினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

காடு எப்படி ‘சும்மா’ கிடந்தது?

முதல்ல இதைச் சொல்லியாகணும். நிலம் தானா சும்மா கிடக்காது. யாரோ, எதுவோ அதைச் சும்மா கிடக்க வைக்கணும்.

திண்டுக்கல்னா வெளியூர்க்காரங்களுக்குப் பூட்டு, பிரியாணி. உள்ளூர்க்காரங்களுக்கு அதுகூட தோல்ஷாப்பும் உண்டு. பதப்படுத்துற தோலுக்குத் தண்ணி நிறைய வேணும், வெளியே வர்ற தண்ணியில உப்பும் குரோமியமும் நிறைய இருக்கும். அது ஓடைக்குப் போச்சு, ஓடையில இருந்து மண்ணுக்கு, மண்ணுல இருந்து கிணத்துக்கு.

1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று போட்ட வழக்கு. ‘மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்’ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்துல அழுத்தமா ஊன்றின தீர்ப்புன்னு சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் கதைன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஆனா அந்தத் தீர்ப்புக்குள்ள எங்க ஊரும் இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமங்கள்ல ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதுல வருது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகள்ல 350 கெட்டுப் போச்சாம். நாலு கிணத்துல மூணு!

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஓடிப் போகலை. மண்ணு மலடாகிடலை. தண்ணி போச்சு, அதோட விவசாயமும் போச்சு. உப்பு ஏறாத இடத்துல ஆழ்குழாய்ப் போட்டி வந்தது. ஒருத்தர் முந்நூறு அடி போட்டா பக்கத்துக்காரர் அறுநூறு போடணும். சித்தப்பா ரெண்டு தடவை போட்டார், ரெண்டு தடவையும் புகைதான் வந்தது. கடனும் வந்தது. அப்புறம்தான் நிலம் ‘சும்மா’ ஆச்சு.

இதைத் தனியா சொல்லக் காரணம் இருக்கு. ஒரு காட்டுல நாலு குடும்பம் வெள்ளாமை பண்ணவே தண்ணி இல்லைன்னா, அதே காட்டுல ஆயிரம் குடும்பம் எதைக் குடிக்கும்? மலர்ல குளத்துக்கு நீலக்கலர் அடிச்சிருக்கு. அந்த நீலம் எங்கிருந்து வரும்னு எந்தப் பக்கத்துலயும் இல்லை.

சின்னாளபட்டிக்காரங்க கொடுத்த நிலம்

இப்ப பழைய கதை. திண்டுக்கல்ல இருந்து மதுரை ரோட்டுல கொஞ்ச தூரம் போனா சின்னாளபட்டி. சேலை நெய்யுற ஊர், சுங்குடிக்குப் பேர் போனது. அதை ஒட்டித்தான் காந்திகிராமம்.

1946 பிப்ரவரியில காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். அந்தப் பயணத்துல அம்பாத்துரை ஸ்டேஷன்ல ஜனம் கூடி ரயிலை நிறுத்தின கதையை எங்க பக்கத்துப் பெரியவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. அடுத்த வருஷம், 1947 அக்டோபர் 7ஆம் தேதி, சுதந்திரம் வந்து ரெண்டு மாசம் கூட ஆகாத நேரத்துல, அந்தப் பக்கமே காந்திகிராமம் தொடங்கிச்சு. தொடங்கினவங்க டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும். சௌந்தரம் டி.வி.சுந்தரம் அய்யங்காரோட மகள். சின்ன வயசுலயே கணவரை இழந்து, டெல்லி போய் டாக்டருக்குப் படிச்சு, 1940ல வீட்டு எதிர்ப்பை மீறி ராமச்சந்திரனை மறுமணம் செஞ்சுக்கிட்டவர். ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், சாந்திநிகேதன்ல படிச்சவர்.

அவங்க மனசுல இருந்த திட்டத்தை இன்னைக்கு விளம்பர மலரா அடிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். ஆஸ்பத்திரி உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. ஆதரவில்லாத குழந்தைகளுக்கு இல்லம் உண்டு. கதர் உண்டு, மருந்து தயாரிப்பு உண்டு. 1956ல கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976ல அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாச்சு. வீடு, வேலை, படிப்பு, வைத்தியம் எல்லாம் ஒரே இடத்துல. சித்தப்பா கையில இருந்த மலர்ல இருக்கிற அத்தனையும் (யோகா மண்டபம் நீங்கலாக!) அங்கேயும் இருந்தது.

வித்தியாசம் எங்கே? ரெண்டு இடத்துல.

முதலாவது, எதை முதல்ல கட்டினாங்கங்கிறது. கஸ்தூர்பா ஆஸ்பத்திரின்னு இன்னைக்குப் பெரிசா நிக்குதே, அது 1947ல ரெண்டே படுக்கை போட்ட ஒரு சின்ன மருத்துவமனை. முகப்பு வளைவு, செக்யூரிட்டி கூண்டு, நீரூற்றுன்னு ஆரம்பிக்கலை. பிரசவ வலியோட மாட்டுவண்டியில வர்ற ஒரு பொம்பளைக்குப் படுக்க இடம். அங்கேதான் ஆரம்பம்.

ரெண்டாவதுதான் எனக்குப் பெரிசா படுது. பல்கலைக்கழக வளாகத்துக்கான சுமார் 207 ஏக்கர் நிலம் சின்னாளபட்டி மக்கள் கொடுத்த கொடை. விலைக்கு வாங்கலை, அரசாங்கம் கையகப்படுத்தலை. கொடுத்தாங்க. எதுக்குக் கொடுத்தாங்க? எல்லாரும் தியாகிகள்னு சொல்ல நான் வரலை. ஆனா ஒண்ணு நிச்சயம். கொடுத்த நிலத்துல எழும்பினது கொடுத்தவங்க போய்வரக்கூடிய இடமா இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளைகளும், அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைகளும் சுத்துப்பட்டு ஊர்ல வீட்டுக்கு வீடு உண்டு. எங்க அத்தை ஒருத்தருக்கு மூணு பிரசவமும் அங்கேதான். ஆத்தூர் வட்டாரத்துல 1960கள்ல அவங்க செஞ்ச குடும்பநலப் பணியை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்லாம் வந்து படிச்சுட்டுப் போனாங்க. நிலம் கொடுத்தவன் வெளியே நின்னு வேடிக்கை பாக்குற ஊர் இல்லை அது.

சித்தப்பா மலர்ல இருக்கிற ஊருக்கு மதில் உண்டு. வாசல்ல பேர் எழுதிட்டுத்தான் உள்ளே போகணும். நிலத்தை வித்த மறுநாள் சித்தப்பா அங்கே போனா கேட்ல கேப்பாங்க, "யாரைப் பாக்கணும் பெரியவரே?"

நிலமே இல்லாதவங்க

நிலம் வச்சிருந்தவங்களைப் பத்தியே பேசிட்டிருக்கேன். அந்த நிலத்துல குனிஞ்சு நிமிர்ந்தவங்க?

இதுக்கும் எங்க மாவட்டத்துல ஒரு பதில் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926ல பிறந்தது பட்டிவீரன்பட்டி பக்கத்துல அய்யன்கோட்டையில, நிலமில்லாத தலித் குடும்பத்துல. படிக்கிறதுக்குக் கை கொடுத்தவர் அதே டாக்டர் சௌந்தரம். கணவர் ஜெகந்நாதனோட சேர்ந்து பூதான இயக்கத்துல நடந்தார். 1981ல ‘லாஃப்டி’ங்கிற அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சைப் பக்கம் பண்ணையார்கள்கிட்ட பேசி, நிலத்தை விலைக்கு வாங்கி, கூலிக்கு உழைச்ச பெண்கள் பேர்லயே பட்டா போட்டுக் கொடுத்தார். அதாவது நிலம் கைமாறும்போது உழைச்சவ கைக்கும் அது வரலாம்னு நடத்திக் காட்டினவங்க.

சித்தப்பா தோட்டத்துல இருபது வருஷத்துக்கு மேல களையெடுத்த ஒரு அம்மா உண்டு. நிலம் வித்தா சித்தப்பாவுக்குப் பணம், தரகருக்குக் கமிஷன், கம்பெனிக்கு லாபம், அரசாங்கத்துக்கு முத்திரைத்தாள் வருமானம். அந்த அம்மாவுக்கு? அடுக்கு மாடியில பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைக்கலாம். மலர்ல ‘வேலைவாய்ப்பு’ன்னு ஒரு பக்கம் இருக்கே, அது இதுதானோ என்னமோ.

ஒரு வார்த்தை தேய்ஞ்ச கதை

அட்டையில இருந்த அந்த ரெண்டு வார்த்தைக்கு வர்றேன். எங்கே கேட்டோம்னு ஒருவழியா ஞாபகம் வந்தது. பி.டி.ஓ. ஆபீஸ்!

1946 கடைசியில சென்னை மாகாணத்துல பிரகாசம் ஆட்சியில ‘பிர்கா வளர்ச்சித் திட்டம்’ 34 பிர்காக்கள்ல தொடங்குச்சு. 1948ல உத்தரப் பிரதேசத்து எட்டாவாவுல 64 கிராமங்கள்ல ஒரு சோதனை. அதுக்கு மூளையா இருந்தவர் ஆல்பர்ட் மேயர்ங்கிற அமெரிக்கர், கட்டடக்கலைஞர். சண்டிகர் நகரத்துக்கு முதல் வரைபடம் போட்டவரும் இவரேதான் (கார்புசியே அப்புறம் வந்தவர்). விளைநிலத்துல நகரம் கட்ட ஒரு படம், விளைநிலத்தை விளைநிலமாவே வச்சு ஊரை உயர்த்த ஒரு திட்டம். ரெண்டுமே ஒரே ஆளு கையில இருந்து வந்திருக்கு!

1952 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்னைக்கு, நாடு முழுக்க 55 இடங்கள்ல ‘கம்யூனிட்டி டெவலப்மெண்ட்’ தொடங்குச்சு. தமிழ்ல சமுதாய வளர்ச்சித் திட்டம். ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’ங்கிற பதவி அதுல பிறந்ததுதான். அப்ப அந்த வார்த்தைக்கு அர்த்தம், ஏற்கெனவே அங்கே இருக்கிற ஜனங்க ஒண்ணு கூடி ரோடு, கிணறு, பள்ளிக்கூடம், வெள்ளாமையை மேம்படுத்திக்கிறது. வெளியில இருந்து புது ஜனங்களைக் கொண்டுவந்து குடியேத்துறது இல்லை.

அந்தத் திட்டம் ஒண்ணும் ஓஹோன்னு நடந்துடலை. அஞ்சே வருஷத்துல, 1957ல, பல்வந்த்ராய் மேத்தா குழு குறையைச் சொல்லிடுச்சு. அதிகாரிங்க ஓடியாடுறாங்க, ஜனங்க வேடிக்கை பாக்குறாங்க, அவங்களுக்கே அதிகாரம் கொடுக்காம இது நடக்காதுன்னு. அதுக்கப்புறம் வந்ததுதான் பஞ்சாயத்து ராஜ், நம்ம ஊராட்சி ஒன்றியமெல்லாம்.

அரசாங்கம் நல்லெண்ணத்தோட செஞ்ச திட்டத்துலயே ஊர்க்காரனைக் கேக்காம விட்டதுதான் ஓட்டைன்னு கண்டுபிடிச்சாங்க. லாபத்துக்காக செய்யுற திட்டத்துல அந்த ஓட்டை எவ்வளவு பெரிசா இருக்கும்?

பாண்டி பஜார்ல தேங்குற தண்ணி

சென்னைவாசிகள் கோச்சுக்கக் கூடாது. அடுத்த உதாரணம் உங்க தி.நகர். எங்க மாவட்டத்துக்கும் அதுக்கும் ஒரு ஒட்டு இருக்கு. பாண்டி பஜார்ங்கிறது சௌந்தரபாண்டியனார் அங்காடி. டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் பட்டிவீரன்பட்டிக்காரர், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர்.

அந்த தி.நகர் 1920கள்ல நீதிக்கட்சிக் காலத்துல திட்டம் போட்டுக் கட்டின ஊர். 1920ல வந்த நகரமைப்புச் சட்டத்தோட குழந்தை. வீடு, கடை, பூங்கா, பள்ளிக்கூடம் எல்லாம் அளந்து வச்சாங்க. பனகல் பூங்காவைப் பாத்தாலே அந்த நேர்த்தி தெரியும். ஆனா அது எழும்பின இடம் நீளமான ஒரு பெரிய ஏரி. தண்ணியை வடிச்சுட்டுத்தான் மனை போட்டாங்க. நூறு வருஷம் கழிச்சும் தண்ணிக்குத் தன் வீடு மறக்கலை. 2015 டிசம்பர்ல, 2021 நவம்பர்ல மாம்பலத்துலயும் தி.நகர்லயும் படகு விடுற நிலைமை.

நல்ல எண்ணம், நல்ல வரைபடம், நல்ல அதிகாரிகள் எல்லாம் இருந்தும் தண்ணியைக் கேக்காம விட்டா இதுதான் கதி. திண்டுக்கல்ல ஏரி பெருகாதுன்னு சிரிக்க வேண்டாம். இங்கே அதே தப்புக்கு வேற தண்டனை. ஆத்தூர் காமராஜர் அணையைப் பாத்துக்கிட்டு இருக்கிற ஊர் நாங்க. ஓடையை மூடினா கிணறு ஊறாது. அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது

வித்துடாதீங்கன்னு நான் சொல்லலை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நானே ஊரை விட்டு ஓடி வந்து, யாரோ ஒருத்தரோட பழைய வயல்ல கட்டின அபார்ட்மெண்ட்ல உக்காந்துதான் இதைத் தட்டிக்கிட்டிருக்கேன். தங்கச்சி கல்யாணக் கடனை நானா அடைக்கப் போறேன்? ஒரு தாள்ல கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஒண்ணு, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கா? 2016 செப்டம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனையைப் பதியக்கூடாதுன்னு நிறுத்தினப்ப, கல்லு ஊன்றி வித்தவங்க தப்பிச்சுட்டாங்க, வாங்கினவங்கதான் நடுத்தெருவுல நின்னாங்க.

ரெண்டு, ரெராவுல பதிஞ்சிருக்கா? 2016 சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல போற திட்டம் பதிஞ்சுட்டுத்தான் விளம்பரமே பண்ணணும். வாங்குறவங்க கொடுக்கிற பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும். இன்னும் வாங்காத நிலத்துக்கு மலர் எப்படி வந்தது?

மூணு, பூங்காவுக்கான இடம் எங்கே? பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல போனா, ரோடு நீங்கலா 10 சதவீதம் பொது இடமா உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும்ங்கிறது விதி. உள்ளாட்சிக்குக் கொடுத்த பூங்கா ஊர்ச்சொத்து. மதிலுக்குள்ள அது எப்படி வரும்?

நாலு, அ-பதிவேட்டுலயும் புலப்படத்துலயும் இருக்கிற ஓடைப் புறம்போக்கு மலர்ல எங்கே? நான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஓடை வளைஞ்சு போற இடத்துல மலர்ல நீச்சல்குளம் இருக்கு.

இந்த நாலாவது கேள்வி இப்ப ரொம்ப முக்கியம். 2023 ஏப்ரல்ல சட்டமன்றத்துல நிறைவேறின நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நடுவுல நீர்நிலை, ஓடை, வாய்க்கால் வந்தா என்ன செய்யறதுன்னு வழி வகுக்குது. விவசாய சங்கங்கள் எதிர்த்ததும் இதுக்காகத்தான். பெரிய திட்டம்னா ஓடை தடையா இருக்காதுங்கிற நிலைமை ஓடைக்கு நல்லதில்லை, கீழே இருக்கிற கிணத்துக்கும் நல்லதில்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை தரகர் வந்தார். சித்தப்பா தாளை எடுக்கவே இல்லை. மலரை விரிச்சு வச்சு ஒரே கேள்வி கேட்டாராம், "ஏப்பா, என் கிணறு இதுல எங்கிட்டு இருக்கு?" தரகர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "மேல கேட்டுச் சொல்றேன்ணே"ன்னுட்டுப் போனவர்தான். இன்னும் போன் வரலை. வந்தாலும் வரும். கடன்காரர் போன் மட்டும் தவறாம வருது.

களையெடுக்கிற அம்மா அன்னைக்குத் திண்ணைக்குக் கீழ நின்னு எட்டிப் பாத்துச்சாம். "இம்புட்டு வீட்டுக்கும் தண்ணி எங்கிட்டுருந்து வரும் சாமி?" மொத்த மலருக்கும் சரியான விமர்சனம் அதுதான். நான் ரெண்டாயிரம் வார்த்தை எழுதியிருக்கேன், ஹி ஹி.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, நில விவகாரத்துல நிபுணனும் இல்லை. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்களைப் பாருங்க. காந்திகிராமத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவங்க யாரையாவது தெரிஞ்சா அவங்க கதையைக் கேட்டு எழுதி வைங்க மக்கா. அந்தத் தலைமுறையில நமக்கு மிச்சம் இருக்கிறது கொஞ்சப் பேர்தான்.